வேறு நாட்டுக்காகச் சைக்கிள் ஓட்டுவது எப்படி? பாஸ்போர்ட் முதல் ஜெர்சி வரை ஒரு முழு வழிகாட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடையைத் திறந்து அன்றைய முதல் பஞ்சரை ஒட்டிக்கொண்டிருந்தபோது அயர்லாந்திலிருந்து ஒரு அக்கா கூப்பிட்டார். சொந்த ஊர் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம். அங்கே நர்ஸ் வேலை. "தம்பி, பையன் நல்லா ஓட்டறான். அயர்லாந்து டீமுக்கே பார்க்கலாம்னு இங்க கோச் சொல்றாரு. அவங்கப்பாவுக்கு இந்தியாவுக்கு ஓட்டணும்னு ஆசை. நாங்க என்னங்க பண்ணட்டும்?"

பையனுக்குப் பதினேழு வயது. கையில் ட்யூபும் சொல்யூஷனுமாக நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. கேரள-தமிழ்நாட்டு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறையில் சைக்கிள் கடை வைத்திருப்பவனிடம் இப்படி ஒரு கேள்வி வருமா என்று நினைக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். இரண்டு வருடத்தில் இதே கேள்வியோடு வந்தவர்களில் அந்த அக்கா நாலாவது ஆள். அவருக்குப் போனில் சொல்லாமல் விட்டதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். குடியுரிமையை மாற்றுவது வரிசையில் கடைசியாக வரவேண்டிய வேலை. என்னிடம் வந்த நாலு பேரில் மூன்று பேருக்கு அது தேவையே இல்லை.

முதல் படி: மூன்று காகிதங்களையும் தனித்தனியாக எடுத்து வையுங்கள்

பாஸ்போர்ட், வசிப்பிட அனுமதி, பந்தய லைசென்ஸ். எல்லாக் குழப்பமும் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டு உருட்டுவதால்தான் வருகிறது.

பாஸ்போர்ட் நீங்கள் எந்த நாட்டுக் குடிமகன் என்று சொல்கிறது. வசிப்பிட அனுமதி எந்த நாட்டில் சட்டப்படி தங்கியிருக்கிறீர்கள் என்று சொல்கிறது. லைசென்ஸ் என்பது பந்தயத்தில் இறங்குவதற்கான சீட்டு. உலக சைக்கிள் சங்கமான யூசிஐ, சுவிட்சர்லாந்தில் ஏகிள் என்ற ஊரில் இருக்கிறது. அதன் விதிப்படி, நீங்கள் முக்கியமாக எந்த நாட்டில் வசிக்கிறீர்களோ அந்த நாட்டுச் சங்கம்தான் உங்களுக்கு லைசென்ஸ் தரும். ஆனால் அந்த லைசென்ஸுக்குள் உங்கள் நாடு எது என்று தனியாக ஒரு குறிப்பு இருக்கும். அயர்லாந்தில் வசிக்கும் இந்தியப் பையனுக்கு லைசென்ஸ் தருவது அயர்லாந்துச் சங்கம், அதில் நாடு என்ற இடத்தில் இருப்பது இந்தியா. இதில் முரண்பாடு எதுவும் இல்லை.

எல்லையோரம் வாழ்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். ரேஷன் கார்டு கேரளாவில், பள்ளிக்கூடம் கோபாலபுரம் தாண்டி, சம்பந்தி வீடு பொள்ளாச்சியில், பேச்சு தமிழில். எங்களில் பாதிப்பேர் இப்படித்தான். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். பள்ளி முடிக்கும் சமயம் மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனபோது, ஒரு பக்கத்துச் சங்கம் "வீடு அங்கே இருக்கிறதே" என்றது, மறுபக்கம் "படிப்பது இங்கே இல்லையே" என்றது. இரண்டு பக்கமும் எழுத்தில் எதையும் தரவில்லை. அந்த வருடம் என் சைக்கிள் திண்ணையில் கிடந்தது. எந்தச் சங்கங்கள் என்பது இப்போது முக்கியமில்லை. நான் கற்றுக்கொண்டது: சங்கத்தில் வாயால் கேட்ட எந்தப் பதிலுக்கும் மதிப்பு கிடையாது.

எனவே இந்தப் படியில் செய்யவேண்டிய வேலை ஒன்றுதான். ஒரு தாளை எடுத்து மூன்று வரி எழுதுங்கள். இப்போது பாஸ்போர்ட் எது, சட்டப்படி வசிப்பது எங்கே, லைசென்ஸ் யார் கொடுத்தது, அதில் எந்த நாடு என்று போட்டிருக்கிறது. கடைசி வரி பலருக்கும் தெரியாது. லைசென்ஸை எடுத்துப் பார்த்தே எழுதுங்கள்.

இரண்டாம் படி: உங்கள் பந்தயத்தில் கொடி கணக்கில் வருகிறதா?

டூர் டி பிரான்ஸ் ஓடுகிறவன் தன் நாட்டுக்காக ஓடுவதில்லை. சம்பளம் தரும் அணிக்காக ஓடுகிறான். ஒரே அணியில் ஸ்லோவேனியாக்காரன், ஆஸ்திரேலியன், பெல்ஜியன் எல்லாரும் ஒரே ஜெர்சியில் இருப்பார்கள். பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கொடி, அவ்வளவுதான். ரோடு பந்தயக்காரனுக்கு நாடு உண்மையில் முக்கியமாவது சில இடங்களில் மட்டும்: உலக சாம்பியன்ஷிப், ஒலிம்பிக், கண்டப் போட்டிகள், தேசிய சாம்பியன்ஷிப். அந்த இடங்களில் லைசென்ஸ் எந்தச் சங்கம் கொடுத்தது என்று பார்க்கமாட்டார்கள், அதிலுள்ள நாடு எது என்றுதான் பார்ப்பார்கள்.

வெலோட்ரோமில், அதாவது சாய்வான வட்டத் தடத்தில் ஓடுகிறவர்களின் கதை வேறு. ஸ்பிரின்ட், கெய்ரின், டீம் ஸ்பிரின்ட் என்ற குறுந்தூர வேகப் பந்தயங்கள் எல்லாவற்றிலும் பெரிய போட்டி என்றாலே தேசிய அணிதான். 2025 வரை நடந்த நேஷன்ஸ் கப் தொடருக்குப் பெயரிலேயே நாடு இருந்தது. பயிற்சியாளர், காற்றுச் சுரங்கச் சோதனை, சக்கரம், உடை என எல்லாம் தேசியச் சங்கத்தின் பணத்தில் வரும். அதனால் நாடு மாறுவது ரோடுக்காரனுக்கு ஒரு கொடி மாறுவது மாதிரி என்றால், தடத்துக்காரனுக்கு வேலை, முதலாளி, வீடு மூன்றும் ஒரே நாளில் மாறுவது மாதிரி. நம் பிள்ளைகளுக்கு இது முக்கியம். இந்தியா உலக அளவில் பெயர் வாங்கியதே தடத்து ஸ்பிரின்டில்தான். 2019இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் ஆன் டெர் ஓடரில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் நம் பையன்கள் டீம் ஸ்பிரின்ட் தங்கம் வாங்கினார்கள்.

அப்படியானால் ரோடுக்காரர்கள் ஏன் வேறு பாஸ்போர்ட் தேடுகிறார்கள்? பெரும்பாலும் விசா. ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதியில் குறுகியகால விசாவில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாள்தான் தங்கலாம். அங்கே பந்தயக் காலம் பிப்ரவரியில் தொடங்கி அக்டோபர் வரை போகும். இந்தியப் பாஸ்போர்ட்டோடு போகிறவன் மே மாதத்தில் நாள் எண்ண ஆரம்பித்துவிடுவான். இது உண்மையான கஷ்டம்தான். ஆனால் இதற்கு மருந்து நீண்டகால விசாவோ வசிப்பிட அனுமதியோதான். அணி ஒப்பந்தமோ, படிப்போ, பெற்றோரின் வேலையோ இருந்தால் அது கிடைக்கும். இதற்காகக் குடியுரிமையைக் கொடுப்பது, பஞ்சருக்குப் புது டயர் வாங்குவது மாதிரி. டயர் விற்பதால் எனக்கு லாபம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

மூன்றாம் படி: எந்த வாசல் வழியாக நுழைகிறீர்கள்?

கொடி மாறத்தான் வேண்டும் என்று முடிவானால், அடுத்த கேள்வி அந்த நாட்டுக் குடியுரிமை உங்களுக்கு எந்த வழியில் வரும் என்பது. சைக்கிள் உலகில் இதற்கு நிறைய முன்னோடிகள் உண்டு. ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாசல்.

இரத்த சம்பந்தம்தான் ரொம்ப சகஜமான வாசல். டேன் மார்ட்டின் பிறந்தது இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில். 2004இல் பிரிட்டனின் ஜூனியர் சாம்பியன். ஆனால் அம்மா அயர்லாந்துக்காரர். 1987இல் டூர், இத்தாலியின் ஜிரோ, உலக சாம்பியன்ஷிப் மூன்றையும் வென்ற ஸ்டீபன் ரோச்சின் சகோதரி. மகன் பின்னாளில் அயர்லாந்துக்கு மாறி, 2013இல் பெல்ஜியத்தின் லியேஜ்-பாஸ்டோன்-லியேஜ் பந்தயத்தை வென்றார். ஆஸ்திரேலியாவில் பிறந்து, அப்பா வழியில் ஜெர்மனிக்காக ஓடிய ஹைன்ரிக் ஹாஸ்லர், 2010இல் ஆஸ்திரேலியாவுக்கே திரும்பினார். டெர்பியில் பிறந்து இத்தாலியில் வளர்ந்த மேக்ஸ் ஷாண்ட்ரி 1995இல் பிரிட்டனுக்கு மாறி, அடுத்த வருடம் அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிக் கொடுத்தார்.

கிறிஸ் ஃப்ரூமைத் தனியாகச் சொல்லவேண்டும். நைரோபியில் பிறந்தவர். 2006 மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் கென்யாவுக்காக ஓடினார். அதே வருடம் சால்ஸ்பர்க் உலகப் போட்டிக்குக் கென்யச் சங்கம் அனுப்புகிற மாதிரி தெரியாததால், சங்கத்தின் மின்னஞ்சல் கணக்கில் புகுந்து தன் பெயரைத் தானே பதிந்துகொண்டார். போட்டியில் கிளம்பிய வேகத்தில் ஓர் அதிகாரி மேல் மோதி விழுந்தார் என்பது உபகதை. 2008இல் பிரிட்டிஷ் லைசென்ஸ். 2010 தில்லி காமன்வெல்த் போட்டிக்கு இங்கிலாந்து வீரராக வந்தார். அப்புறம் நாலு டூர் பட்டம். அவருக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் குடும்ப வழியில் ஏற்கெனவே இருந்ததால்தான் இத்தனை வேகமாக நடந்தது என்பதைக் கவனியுங்கள். மாறவேண்டியிருந்தது லைசென்ஸில் இருந்த நாடு மட்டும்.

வளர்ந்த நாடு இன்னொரு வாசல். பாவெல் சிவகோவ் இத்தாலியில் பிறந்தவர். பெற்றோர் ரஷ்யர்கள், இருவரும் சைக்கிள்காரர்கள். வளர்ந்தது பிரான்ஸில். பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்த பிறகும் ரஷ்யக் கொடியில் ஓடிக்கொண்டிருந்தவர், உக்ரைன் போர் தொடங்கிய சில நாட்களில், 2022 மார்ச்சில், பிரான்ஸுக்கு மாறினார். அரசே கூப்பிட்டுக் கொடுக்கும் வாசலும் உண்டு. லண்டன் ஒலிம்பிக் ஸ்பிரின்டில் ஆஸ்திரேலியாவுக்கு வெண்கலம் வாங்கிய ஷேன் பெர்கின்ஸுக்கு 2017இல் ரஷ்யா குடியுரிமை தந்தது. இந்த வாசலை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம்.

நம்மவர்களுக்குத் திறந்திருப்பது பெரும்பாலும் தங்கிச் சம்பாதிக்கும் வாசல். அயர்லாந்தில் மொத்தம் 5 வருட வசிப்பு கேட்கிறார்கள். விண்ணப்பிக்கும் முன் 1 வருடம் தொடர்ச்சியாக, அதற்கு முந்தைய 8 வருடத்தில் 4 வருடம். மாணவர் விசாவில் இருந்த காலம் பொதுவாக இதில் சேராது. ஆஸ்திரேலியாவில் 4 வருடச் சட்டப்படியான வசிப்பு, அதில் கடைசி 12 மாதம் நிரந்தர வசிப்பாளராக. இங்கே ஒரு சிக்கல் உண்டு. பயிற்சி, பந்தயம் என்று வெளியே சுற்றும் நாட்கள் இந்தக் கணக்கைக் கடிக்கும். தங்கிச் சம்பாதிக்கும் வாசலில் நுழைய நினைக்கும் பந்தயக்காரன் தினமும் எங்கே தூங்கினான் என்று டைரி எழுத வேண்டும். போர்டிங் பாஸைத் தூக்கி எறியக் கூடாது.

வளைகுடாவில் இருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். இருபது வருடம் துபாயில் இருந்தாலும் கிடைப்பது இருப்பு அனுமதி, குடியுரிமை இல்லை. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

நான்காம் படி: இந்திய முடிச்சு

ஆற அமர வாசிக்கவேண்டிய படி இதுதான். ஃப்ரூம், மார்ட்டின் கதைகளைப் படித்துவிட்டு நம் பிள்ளைகளுக்கும் அப்படியே நடக்கும் என்று நினைத்தால் விழுவோம். ஃப்ரூமுக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் ஏற்கெனவே இருந்தது, மார்ட்டின் இரண்டு பாஸ்போர்ட்டையும் ஒன்றாக வைத்திருக்க முடிகிற உலகத்தில் இருந்தார். இந்தியா அதை ஒப்புக்கொள்வதில்லை. அரசியலமைப்பின் 9ஆவது பிரிவும், 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவும் சொல்வது ஒன்றே: தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற நிமிடமே இந்தியக் குடியுரிமை போய்விடும். நீங்கள் போய் எழுதிக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை, தானாகவே போகும். அதன்பிறகும் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டைப் பயன்படுத்தினால் குற்றம். அதைத் தூதரகத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கவேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல், வேறு நாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை கிடைக்காது.

ஓசிஐ என்பது பாதிக் குடியுரிமை என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது ஆயுள் விசா, அவ்வளவே. ஓட்டு கிடையாது, அரசு வேலை கிடையாது. அத்தோடு, எங்கள் பக்கத்தவர்கள் காது கொடுக்கவேண்டிய விஷயம்: விவசாய நிலம் வாங்க முடியாது. தாத்தா தென்னந்தோப்பு வாரிசாக வந்தால் வரும். பக்கத்து வயலைச் சேர்த்து வாங்கலாம் என்றால் முடியாது. ஒரு பந்தயத்துக்காகக் கையெழுத்துப் போடும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசவேண்டிய விஷயங்களில் இது முதலாவது.

இரண்டாவது, திரும்பி வரும் பாதை. 2008 டிசம்பரில் மத்திய விளையாட்டு அமைச்சகம் போட்ட உத்தரவுப்படி, சர்வதேசப் போட்டிகளில் இந்தியாவுக்காக இறங்க இந்தியக் குடிமகனாக இருக்கவேண்டும். பிரகாஷ் அமிர்தராஜ் போன்ற டென்னிஸ்காரர்கள் அதில்தான் வெளியே நின்றார்கள். "ஓசிஐ இருக்கே, அப்புறமா இந்தியாவுக்கு ஓட்டிக்கலாம்" என்பது நடக்காது.

சின்ன வயசில் அப்பா அம்மாவோடு மாறியவர்கள், பதினெட்டு ஆனதும் எழுதிக் கொடுத்துத் திரும்பலாமே என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். சட்டத்தின் 8ஆவது பிரிவில் அப்படி ஒரு வழி உண்டு, பதினெட்டு முடிந்து ஒரு வருடத்துக்குள் கேட்கலாம். ஆனால் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற பெற்றோரின் மகன் போட்ட வழக்கில், அந்த வழி முறைப்படி குடியுரிமையைத் துறந்தவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றதால் தானாக இழந்தவர்களின் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. ஒரு விண்ணப்பத்தை எந்த வரிசையில் கொடுத்தோம் என்பது பதினெட்டு வருடம் கழித்துப் பிள்ளையின் தலையில் விடிகிறது.

வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு இன்னொரு கணக்கு. இந்தியத் தூதரகத்தில் பிறந்த ஒரு வருடத்துக்குள் பதியவேண்டும், வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதி கொடுக்கவேண்டும். அந்த நாட்டுப் பாஸ்போர்ட் எடுத்தாகிவிட்டதென்றால் அந்தக் கதவு மூடியது.

ஐந்தாம் படி: மூன்று வருடக் கணக்கு

ஒலிம்பிக் சாசனத்தின் 41ஆவது விதி. இரண்டு குடியுரிமை உள்ளவர் எந்த நாட்டுக்காக வேண்டுமானாலும் இறங்கலாம். ஆனால் ஒலிம்பிக்கிலோ, கண்ட, வட்டார விளையாட்டிலோ, உலக சாம்பியன்ஷிப்பிலோ ஒரு நாட்டுக்காக இறங்கிவிட்டால், இன்னொரு நாட்டுக்காக ஒலிம்பிக்கில் இறங்க, கடைசியாக இறங்கிய நாளிலிருந்து 3 வருடம் ஆகவேண்டும். இரண்டு நாட்டு ஒலிம்பிக் சங்கங்களும் அந்த விளையாட்டின் உலகச் சங்கமும் ஒப்புக்கொண்டால் ஒலிம்பிக் கமிட்டி அந்தக் காலத்தைக் குறைக்கலாம், நீக்கவும் செய்யலாம். பழைய நாடு கோபத்தில் இருந்தால் அது நடக்காது என்பதை அடுத்த படிக்கு நினைவில் வையுங்கள்.

கணக்கைக் காலண்டரில் போடுங்கள். கடைசியாக நாட்டு ஜெர்சி போட்ட தேதி, அதோடு 3 வருடம். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் போட்டி தொடங்குவது ஜூலை 14. அப்படியானால் 2025 ஜூலைக்குப் பிறகு ஒருவர் பழைய நாட்டுக்காக உலகப் போட்டியில் ஓடியிருந்தால், விலக்கு கிடைக்காதபோது அவருக்கு லாஸ் ஏஞ்சலிஸ் இல்லை. ஆசியப் போட்டிக்கு "சும்மா ஒரு அனுபவத்துக்கு" போய்விட்டு வந்தாலும் கடிகாரம் புதிதாக ஓட ஆரம்பிக்கும். ஜூனியர்தானே என்று அலட்சியம் வேண்டாம். பையன் ஜெர்சி போடும் முன் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இந்தக் காலக்கெடு ஒலிம்பிக்குக்கு உரியது. உலக சாம்பியன்ஷிப், கண்டப் போட்டிகளுக்கு யூசிஐயின் சொந்த விதிகள் தனி. அவை திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும், ஆகவே நண்பன் அனுப்பிய பழைய பிடிஎஃப்பை நம்பாமல் அன்றைய பதிப்பை எடுத்து வாசியுங்கள்.

ஆறாம் படி: சொல்லிவிட்டுப் போங்கள்

தடத்து ஸ்பிரின்ட் வீரர் மேத்யூ ரிச்சர்ட்சன் கதையை எங்கள் ஞாயிறு ரைடில் பையன்களிடம் சொன்னேன். பாதிப்பேர் அவன் பக்கம், பாதிப்பேர் எதிர்ப்பக்கம். வேலந்தாவளம் டீக்கடை வரை சண்டை.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் மெய்ட்ஸ்டோனில் பிறந்து, ஒன்பது வயதில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனவர். அங்கேதான் சைக்கிள் கற்றார். 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த்தில் ஆஸ்திரேலியாவுக்கு ஸ்பிரின்ட், டீம் ஸ்பிரின்ட் இரண்டிலும் தங்கம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்பிரின்ட், கெய்ரின் இரண்டிலும் வெள்ளி, டீம் ஸ்பிரின்டில் வெண்கலம். போட்டி முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 19 அன்று பிரிட்டனுக்கு மாறுவதாக அறிவித்தார்.

ஆஸ்திரேலியச் சங்கம் விசாரித்தது. நாடு மாறும் செய்தியை ஒலிம்பிக் முடியும்வரை தங்களுக்குச் சொல்லவேண்டாம் என்று அவர் யூசிஐயிடம் கேட்டதும், யூசிஐயும் பிரிட்டிஷ் சங்கமும் அதற்கு ஒத்துக்கொண்டதும் தெரிந்தது. கூடவே, அவருக்கென்று செய்த சைக்கிள், ஹேண்டில்பார், ஒலிம்பிக் பந்தய உடை ஆகியவற்றைப் போட்டி முடிந்த கையோடு பிரிட்டனுக்குக் கொண்டுபோகும் எண்ணத்தில் இருந்தார் என்றும் சங்கம் சொன்னது. 2024 டிசம்பரில் தீர்ப்பு: இனி ஆயுளுக்கும் ஆஸ்திரேலிய அணியில் இடமில்லை, சங்கத்தின் எந்த வசதியும் கிடையாது, எந்த விருதுக்கும் பெயர் வராது.

அவருக்கு அதனால் பந்தயம் நிற்கவில்லை. 2025 ஆகஸ்டில் துருக்கியின் கொன்யா தடத்தில் ஓடும் வேகத்திலேயே தொடங்கும் 200 மீட்டர் ஃப்ளையிங் ஸ்டார்ட்டை 9 வினாடிக்குள் ஓடிய முதல் ஆள் ஆனார். முதல் நாள் 8.941, மறுநாள் 8.857. மூன்று வருடக் கணக்கும் அவருக்கு உதைக்கவில்லை. பாரிஸிலிருந்து எண்ணினால் 2027 ஆகஸ்டிலேயே தீர்ந்துவிடுகிறது.

என் கருத்தைக் கேட்டால், பிறந்த நாட்டுக்குப் போனதில் தப்பே இல்லை. அந்த உடையையும் ஹேண்டில்பாரையும் நினைத்தால்தான் ஒட்டவில்லை. மெக்கானிக்காகப் பார்க்கிறேன். ஒரு சங்கம் வருடக்கணக்காகக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துக் கண்டுபிடித்த வளைவு அந்த ஹேண்டில்பாரில் இருக்கிறது. அவன் வேகம் அவனுடையது, அந்த வளைவு அவனுடையது அல்ல. அவன் பக்கம் பேசிய பையன்களுக்கும் நியாயம் இருந்தது. முன்னாடியே சொல்லியிருந்தால் அவனை ஒலிம்பிக் அணியில் வைத்திருப்பார்களா என்று கேட்டார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, டீக்காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

இதிலிருந்து உங்களுக்கான வேலைகள். தேசிய முகாமில் சேரும்போது போட்ட கையெழுத்துக் காகிதங்களை எடுத்து வாசியுங்கள். உதவித்தொகை திருப்பிக் கொடுக்கவேண்டுமா, பொருட்கள் யாருடையது, படம், விளம்பர உரிமை எவ்வளவு நாள் என்று பாருங்கள். சங்கத்தின் பொருட்களைப் பட்டியல் போட்டுத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். பயிற்சித் தரவு, பவர் மீட்டர் கோப்புகள் யாருடையவை என்று தெளிவாகப் பேசுங்கள். ரயில்வேயிலோ வேறு அரசுத் துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கியிருந்தால், குடியுரிமை போனதும் அந்த வேலை நிலைக்காது. பையனுக்கு வேலை கிடைத்ததை ஊருக்கே சொல்லி இனிப்பு கொடுத்த வீட்டில் இதைச் சொல்வது கஷ்டம்தான்.

ஏழாம் படி: காகித வேலை

இது நீங்கள் நினைப்பதைவிடச் சாதாரணமானது. லைசென்ஸ் காலண்டர் வருடத்துக்கானது, டிசம்பர் 31 உடன் முடியும். அதனால் வருட முடிவுதான் மாறுவதற்குத் தோதான சமயம். புதிய பாஸ்போர்ட் கையில் வந்த பிறகு, விளையாட்டுக்கான நாட்டை மாற்றும் கோரிக்கையைச் சங்கத்தின் வழியாக யூசிஐக்கு அனுப்பவேண்டும். புதிய நாட்டுச் சங்கம் உங்களைச் சேர்த்துக்கொள்ளத் தயார் என்று எழுத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. யூசிஐ எண் உங்களோடே வரும். பழைய நாட்டில் தடை ஏதும் நிலுவையில் இருந்தால் அதுவும் கூடவே வரும்.

ஒரு எச்சரிக்கை. மாறும் மாதங்களில் வீடும் மாறும். ஊக்கமருந்துச் சோதனைக்கான பதிவுப் பட்டியலில் இருப்பவர்கள் தினமும் எங்கே இருப்பார்கள் என்று முன்கூட்டியே பதியவேண்டும். 12 மாதத்துக்குள் மூன்று முறை தவறினால் ஊசியே போடாதவனுக்கும் தடை வரும். இந்திய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவிலிருந்து புதிய நாட்டு அமைப்புக்குப் பொறுப்பு மாறிவிட்டது என்ற உறுதி வரும்வரை, பெட்டி கட்டுகிற அன்றும் முகவரியைத் திருத்திவிடுங்கள்.

எதிர்த்திசையில் வருகிறவர்களுக்கு

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு இந்தியாவுக்கு ஓட விரும்பும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பாதை உண்டு, நீளம். ஓசிஐ அட்டை பதிந்து 5 வருடம் ஆகியிருக்கவேண்டும், விண்ணப்பிக்கும் முன் 12 மாதம் இந்தியாவில் வசித்திருக்கவேண்டும். அப்போது பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம். கிடைத்ததும் பழைய நாட்டுக் குடியுரிமையை விடவேண்டும். கால்பந்தில் இசுமி அராட்டா இதைச் செய்து காட்டினார். அப்பா குஜராத்தி, அம்மா ஜப்பானியர். ஜப்பான் பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு 2013இல் இந்திய ஜெர்சி போட்டார்.

அந்த 12 மாதத்தை வீணாக்கவேண்டியதில்லை. திருவனந்தபுரம் காரியவட்டத்தில் லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரியில் வெலோட்ரோம் இருக்கிறது, தில்லியில் இந்திரா காந்தி வளாகத்தில் இன்னொன்று. ஏற்றம் வேண்டுமா, போத்துண்டி அணையிலிருந்து நெல்லியாம்பதி ஏறுங்கள். எதிர்காற்று வேண்டுமா, பாலக்காட்டுக் கணவாயில் அது இலவசம்.

அயர்லாந்து அக்காவிடம் மறுபடி பேசியபோது அந்த மூன்று வரித் தாளை எழுதச் சொன்னேன். பையன் பிறந்தது சித்தூரில், பாஸ்போர்ட் இந்தியா. லைசென்ஸ் அயர்லாந்துச் சங்கம் கொடுத்தது, அதில் நாடு இந்தியா. இதுவரை எந்த நாட்டு ஜெர்சியும் போடவில்லை. பெற்றோர் இருவரும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க யோசித்துக்கொண்டிருக்கிறார்கள், பையன் பெயரையும் அதிலேயே சேர்ப்பதாக இருந்தார்கள். பெரியவர்கள் உங்கள் வேலைக்காக என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், பையன் விண்ணப்பத்தை மட்டும் தனியாக வையுங்கள் என்றேன். அடுத்த வருடமும் இதே லைசென்ஸில் அங்கே கிளப் பந்தயம் ஓடட்டும். பதினெட்டு ஆனதும் அவனே முடிவு செய்யட்டும், அதுவரை யார் கூப்பிட்டாலும் நாட்டு ஜெர்சி வேண்டாம்.

"அப்ப டிசம்பர்ல ஊருக்கு வரப்ப உங்க கூட ஓட்ட வரலாமா, அதுக்கும் லைசென்ஸ் வேணுமா தம்பி?" என்று கேட்டார்.

வேண்டாம் அக்கா, ஹெல்மெட் இருந்தால் போதும் என்றேன். டிசம்பரில் கிழக்குக் காற்று அடிக்கும், கோபாலபுரம் போகும்போது எதிரே இருக்கும் என்றும் சொல்லி வைத்தேன்.